பதினோராவது படையல்

அத்தியாயம் 12

பத்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மகன் இன்று காலை பம்பாய் வண்டியில் வருகிறான். லிம்பாஜிக்கு அது தெரியும். மகள் ஹௌசாவுக்கும் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

பெற்றவள் உள்ளே உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த மகனுக்குத் திதி கொடுக்கத்தான்.

"சொல்லிட்டியா பாபா?"

ஹௌசா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டாள். லிம்பாஜி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். கட்டியதை மறுபடி அவிழ்த்தார்.

"நேத்து சாயங்காலம் வாயைத் திறந்தேன்டீ. அவ உளுந்து ஊறப்போட்டுக்கிட்டிருந்தா. செத்த பிள்ளைக்கு வடை சுட ஊறப்போடறவகிட்ட என்னன்னு சொல்றது?"

"அவனே வந்து திங்கப் போறான், இன்னும் ரெண்டு கை சேத்துப் போடுன்னு சொல்றது!"

"உனக்கென்ன, சொல்லிடுவே."

"ஆமா, சொல்லிடுவேன். ஆறு நாளா நீயும் இதோ அதோன்னு இழுத்தடிக்கிறே. இன்னிக்கு அண்ணன் வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லியாகணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன். அப்புறம் ஆயி என்னைத் திட்டமாட்டா, உன்னைத்தான் திட்டுவா."

போன புதன்கிழமை வந்த தபால் கார்டை ஹௌசாதான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். செட்டில்மெண்டுப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள் அவள். நாலே வரி. 'கம்பிவேலியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பாபா மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். ஆயி இருக்கிறாளா?' கீழே 'மாதவ்' என்று ஒரு கையெழுத்து. அப்படி ஒரு பெயரில் அந்தக் குடும்பத்தில் யாரும் கிடையாது. "இது யாரு பாபா?" என்று கேட்ட மகளிடம் லிம்பாஜி முதல் முறையாக வாய்விட்டு உண்மையைச் சொன்னார்.

பம்பாயில் இருக்கும் பிள்ளைக்கு நாள், திதி எல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவன் வருவதாக எழுதிய செவ்வாய்க்கிழமைதான், இந்தப் பித்ரு பட்சத்தில் அவனுக்கே படையல் போடுகிற நாள்.

அவன் எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷோலாப்பூர் மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தச் செட்டில்மெண்டில், குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்த ஜாதிகள் கம்பிக்குள்ளே குடியிருந்தன. ஒரு நாளைக்கு மூன்று வேளை மணி அடிப்பார்கள். பெயர் கூப்பிட்டால் குந்தி உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்து, தரையைப் பார்த்தபடி 'ஆஜர்' சொல்ல வேண்டும். வெளியே போக வேண்டுமென்றால் சீட்டு வேண்டும். பிள்ளைக்குப் பதினாறு முடிந்தால் பத்து விரலிலும் மை தடவி உருட்டி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ரேகை அவனுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும்.

மகன் ஞானோபாவுக்கு மை தடவ ஒரு மாதம் இருக்கும்போது, மச்சினன் கல்யாணத்துக்கென்று இரண்டு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு லிம்பாஜி அவனைக் கூட்டிப்போனார். போன ஊரில் காலரா கண்டிருந்தது. ஆற்றங்கரையில் பிணங்களை எட்டும் பத்துமாக ஒன்றாய் வைத்துக் கொளுத்தினார்கள். ஊர்த் தலைவர் பாட்டீல் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று, செத்தவர் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் நின்று லிம்பாஜி தன் பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

பிள்ளை கரும்புக் கொல்லைக்குள் ஒளிந்திருந்தான். "பம்பாய்க்கு ஓடிடு. வேற பேர் வச்சுக்க. கடுதாசி போடாதே. நம்ம கம்பி விழுந்தா வா, இல்லேன்னா வராதே," என்று சொல்லி, துணியில் இரண்டு பாக்ரி ரொட்டியைக் கட்டிக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவி சாளுபாயிடமும் அதே பொய்யைச் சொன்னார்.

அவளிடமும் ஏன் அந்தப் பொய்? நம்பினால்தானே அவள் அழுவாள்! சீட்டுக் கொடுத்த அதிகாரி சந்தேகக்காரன். வீட்டு வாசலிலேயே வந்து நின்றான். சாளுபாய் மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் புரண்டதை இரண்டு நிமிஷம் பார்த்தான். பிறகு ஆஜர்ப் புத்தகத்தில் ஞானோபாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனான். அந்த அழுகை நடிப்பாக இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். குழாயடியில் அவள் வாய்தவறி உளறிவிட்டால்? சரி, அடுத்த வருஷம். அப்புறம் சொல்வதற்கே வாய் வரவில்லை.

"ஹௌசாவோட பாபா, நேரமாகுது. நாலு பலாச இலை பறிச்சுட்டு வாங்களேன்." உள்ளேயிருந்து சாளுபாயின் குரல் வந்தது.

முன்பெல்லாம் அவள் அவரை 'ஞானோபாவோட பாபா' என்றுதான் கூப்பிடுவாள். சேதி வந்த அன்றோடு அதை விட்டுவிட்டாள்.

அவள் விட்டது அது ஒன்றையா! முதல் வருஷம் படையலைக் காக்கை தொடவில்லை. செத்தவனுக்கு ஏதோ குறை என்று அவள் நினைத்தாள். இரண்டாம் வருஷமும் தொடவில்லை. "உனக்கு என்னடா வேணும், நான் வெல்லமே தொடமாட்டேன், வந்து தின்னுட்டுப் போடா," என்று கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள். வெல்லத்தை விட்டாள். மூன்றாம் வருஷம் செருப்பை விட்டாள். மே மாதத்து வெயிலில் மில்லுக்கு வெறுங்காலோடு போய் வந்தாள். பிறகு பூவை விட்டாள், பண்டரிபுரம் போவதை விட்டாள், பால் விட்டு டீ குடிப்பதை விட்டாள். பத்துப் படையல் போட்டாயிற்று. ஒன்றையும் காக்கை சீந்தவில்லை. உயிரோடிருக்கிறவன் சோற்றைக் காக்கை எப்படித் தொடும் என்று லிம்பாஜி ஒவ்வொரு வருஷமும் மனசுக்குள் ஆறுதல்பட்டுக்கொள்வார். அதே நிமிஷம் அவள் காலில் இருக்கிற வெடிப்பையும் பார்ப்பார். பார்த்து என்ன பிரயோஜனம்?

"இலையை ஹௌசா பறிப்பா. நான் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"திதி நாளும் அதுவுமா ஸ்டேஷன்ல என்ன வேலை?"

"வந்து சொல்றேன்." ஒரு கணம் நின்றார். "வந்ததும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் சாளூ."

"இப்பவே சொல்றது."

"வந்து சொல்றேனே!"

அவள் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வாரமா வேலி இல்லை, இவருக்குக் காலே வீட்ல நிக்கலை," என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

வேலி இல்லைதான். கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். வெறும் குழிகள்தான் வரிசையாக இருந்தன. லிம்பாஜியின் வீட்டிலிருந்து நேரே நடந்தால் பத்தே நிமிஷத்தில் ஸ்டேஷன் ரோடு. ஆனால் இந்த இரண்டு வாரத்தில் ஒருத்தராவது அந்தக் குழிகளைத் தாண்டி நேரே போனதில்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டு, பழைய கேட் இருந்த இடத்துக்குப் போய் அங்கிருந்துதான் வெளியேறினார்கள். லிம்பாஜியும் அப்படித்தான் போனார். கேட் இருந்த இடத்தில் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. சீட்டு இல்லை. அப்புறம்தான் சீட்டே வேண்டாம் என்பது நினைவுக்கு வந்தது.

ஸ்டேஷனில் நல்ல கூட்டம். லிம்பாஜி ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டார்.  ஞானூ எப்படி இருப்பான்? மூக்கு சாளுவுடையது. சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிப்பான். அந்தப் பதினாறு வயசு முகத்தையே மனசில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு இப்போது இருபத்தாறு ஆகிறது என்பது அவர் புத்தியில் ஏறவேயில்லை.

"அட, லிம்பா! என்னடா இங்க?"

 திரும்பினால், முன்பு செட்டில்மெண்டு கேட்டில் காவல் நின்ற ஜமாதார். இப்போது ஸ்டேஷன் டியூட்டி போலிருக்கிறது. கெட்டவர் இல்லை. ஹௌசா பிறந்தபோது மருத்துவச்சியைக் கூப்பிடச் சீட்டில்லாமல் வெளியே விட்டவர்தான்.

"ஒண்ணுமில்லே ஜமாதார் சாகேப். சும்மாதான்."

"சும்மாவா? நல்ல சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு! கம்பியைப் பிடுங்கினாலும் பிடுங்கினாங்க, உங்க ஆளுங்களைக் கையில பிடிக்க முடியலைப்பா. ஊரு சுத்தக் கெளம்பிட்டியா? இல்லே, யாராச்சும் வர்றாங்களா?"

"சொந்தக்காரன் ஒருத்தன்..."

"அப்படியா, நல்லது நல்லது. யாரு? பேரென்ன?"

பேச்சுவாக்கில் கேட்டதுதான். வேறு யாராவது கேட்டிருந்தால் லிம்பாஜி ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். ஆனால் காக்கிச் சட்டை கேட்கிறது. பெயர் கேட்கிறது. ஞானோபா என்று எப்படிச் சொல்வது? அவன் சிவப்பு மையில் செத்தவன். பொய்ச் சாவு எழுதிக்கொடுத்ததற்கு இப்போதும் ஜெயில் உண்டோ என்னவோ!  வண்டி ஊதிக்கொண்டே பிளாட்பாரத்துக்குள் வந்தது.

அந்த நேரம் பார்த்து லிம்பாஜியின் முழங்கால் இரண்டும் மடங்கின. அவர் மடக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் மடக்கியது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே, ஜமாதாரின் பூட்ஸுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"டேய், டேய்! என்னடா இது? எழுந்திரு. நான் சும்மா கேட்டேன். அட, எழுந்திருப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

ஜமாதாருக்கே கூச்சமாகிவிட்டது. தோளைப் பிடித்துத் தூக்கினார். அதைப் பார்த்து, திருடன் பிடிபட்டான் என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். லிம்பாஜி எழ முயன்றார், கால் வரவில்லை. ஒரு வழியாக எழுந்து, கூட்டத்தை விலக்கி, பெட்டி பெட்டியாகத் தேடத் தொடங்கியபோது இறங்க வேண்டியவர்கள் இறங்கிப் போயிருந்தார்கள். ஏற வேண்டியவர்கள் ஏறியிருந்தார்கள். விசில் ஊதியாயிற்று.

வண்டி நகர்ந்தது. மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஒன்றில், கம்பியைப் பிடித்தபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை. அவன் லிம்பாஜியையே பார்த்துக்கொண்டிருந்தான். லிம்பாஜியும் பார்த்தார். மூக்கு அவளுடையது போல இருந்தது. சிரிக்கவில்லை அவன். சிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

"ஞானூ!" என்று கத்தினார். கத்தியது வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியாது. வண்டி மதராஸ் பக்கம் போய் மறைந்தது.

வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. ஹௌசா ஓட்டமாக வந்து எதிர்கொண்டாள். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"எங்கே பாபா?"

அவர் நடந்ததைச் சொன்னார். மறைக்காமல் சொன்னார்.

"நீ ஏன் குந்தின?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. "சட்டம் போச்சே பாபா. ஏன் குந்தின?"

"தெரியலடீ. பேரு கேட்டாரு. காலு தானா மடங்கிடுச்சு."

"அவன் பாத்திருந்தா என்ன நினைச்சிருப்பான்? எதுவும் மாறலைன்னுதானே நினைச்சிருப்பான்! போலீஸ் உன்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அவனுக்காகக் காத்திருக்குன்னு நினைச்சு..."

"அதைத்தான்டீ நானும் வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வரேன்."

"அவன்தானா அது?"

"சத்தியமா தெரியலை. என் பிள்ளை முகம் எனக்கே தெரியலை ஹௌசா." லிம்பாஜி அங்கேயே நின்று அழுதார்.

"ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுன்னு? வாங்க, இலை போட்டாச்சு!"

சாளுபாய் குளித்து, ஈரத் தலையோடு கொல்லைப் பக்கம் நின்றிருந்தாள். பலாச இலையில் சோறு, வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த கடலைமாவுப் பிட்லா, ஒரு சோள பாக்ரி. கூரைத் தகரத்தின் ஓரத்தில் இலையை வைத்துவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டாள்.

"இந்த வருஷம் என்னத்தை விடறது?" என்று மகளைப் பார்த்தாள். "விடறதுக்கு இனி உப்பு ஒண்ணுதான்டீ பாக்கி. அதையும் விட்டுடறேன். வேற என்னத்தைக் கொடுப்பேன் அவனுக்கு?"

அதற்குமேல் லிம்பாஜியால் தாங்க முடியவில்லை. "சாளூ, நிறுத்து," என்றார். "நான் ஒண்ணு சொல்லணும்னேனே..."

அப்போது காக்கை வந்தது.

எங்கிருந்து வந்ததோ, ஒன்றே ஒன்று. தகரத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. வடையைக் கொத்தியது. அப்புறம் சோறு, பாயசம் என்று, வருஷக் கணக்காகப் பட்டினி கிடந்தது போலத் தின்றது.  பிட்லாவையும் விடவில்லை அது. இலை காலியாகிவிட்டது.

"ஞானோபாவோட பாபா!"

சாளுபாய் கூவிவிட்டாள். பத்து வருஷம் கழித்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது.

"பாத்தீங்களா! தின்னுட்டான்! என் தங்கம் தின்னுட்டான்! மனசு ஆறிட்டான்!" அழுகையும் சிரிப்புமாக மகளைக் கட்டிக்கொண்டாள். "ஹௌசா, அந்த வெல்லத்தை எடுத்துட்டு வாடீ, ஒரு துண்டு வாயில போட்டுக்கறேன். இன்னிக்குப் போட்டுக்கலாம்டீ!"

 இந்தப் பத்து வருஷமாகக் காக்கை தொடாததுதான் லிம்பாஜிக்கு ஒரே தைரியம். இன்றைக்கு ஏன் தொட்டது? வண்டி ரெய்ச்சூர் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து பிள்ளை இறங்க முயன்றானா? ஐயோ, விட்டலா!

ஹௌசா வெல்லத்தோடு வந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் கண்ணிலும் அதே பயம்தான் இருந்தது. 'இப்போது சொல்லாதே பாபா' என்று தலையை லேசாக அசைத்தாள். காலையில் சொல்லு சொல்லு என்று நச்சரித்தவள்!

சொல்லாமல் இருந்துவிடலாம்தான். சாளுவின் மனசு இன்றைக்குத்தான் ஆறியிருக்கிறது. வெல்லம் தின்பாள், செருப்புப் போடுவாள். மதராஸ் பக்கம் போன பிள்ளை திரும்பி வருவானோ மாட்டானோ, அவளுக்கு ஏன் மறுபடி ஒரு சாவு?

ஆனால் சாளுபாய் சும்மா இருக்கவில்லை. வெல்லத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் வந்து, குனிந்து, இரண்டு காலையும் தொட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள். "பத்து வருஷமா உங்களை மனசுக்குள்ள சபிச்சுக்கிட்டே இருந்தேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் காலராவுக்குக் கொடுத்துட்டு வந்துட்டாரே பாவின்னு. ஒரு நாள்கூட வெளியே சொல்லலை. சோறு போடும்போதெல்லாம் நினைப்பேன். பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க..."

"எந்திரி சாளூ. என் காலைத் தொடாதே."

"இல்லைங்க, இன்னிக்கு..."

"தொடாதேன்னு சொல்றேன்ல! அவன் சாகலை." சொல்லிவிட்டார். "அவனைக் காலரா கொண்டுபோகலை. நான்தான் அனுப்பிவச்சேன். மை தடவறதுக்கு முன்னால அனுப்பிட்டேன். பம்பாய்ல இருந்தான். இன்னிக்குக் காலை வண்டியில வரேன்னு எழுதியிருந்தான்."

சாளுபாய் நிமிர்ந்தாள். அடிக்கவில்லை, அலறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். இரண்டிலும் பொய் இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயிலிருந்த வெல்லத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கூரையைப் பார்த்தாள். காக்கை அலகைத் தகரத்தில் தீட்டிக்கொண்டிருந்தது.

"அப்படின்னா," என்றாள், "அது இப்போ யாருக்கு வச்சதைத் தின்னுச்சு?"



"ஆயி, முன்னெல்லாம் அதுங்க கம்பி மேல உக்காரும் ஆயி!" ஹௌசா அவசர அவசரமாகச் சொன்னாள். "அங்கிருந்து அப்படியே மில்லுப் பக்கம் போயிடும். இப்போ கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. உக்கார இடமில்லாம கூரைக்கு வந்திருக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்லை!"

சாளுபாய் அதைக் கேட்டாளோ இல்லையோ. "வண்டி எந்தப் பக்கம் போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"மதராஸ் பக்கம். சாளூ, இரு, நானும்..."

அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். கேட் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. கொல்லையைத் தாண்டி, வரிசையாக இருந்த கம்பக் குழிகளைத் தாண்டி, இரண்டு வாரமாக யாரும் கால் வைக்காத வழியில் ஸ்டேஷனைப் பார்த்து நேரே போனாள். குழாயடியில் நின்றிருந்த பெண்கள் குடத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

ஹௌசா உள்ளே ஓடி, பரண் மேலிருந்த பழைய செருப்பை எடுத்துக்கொண்டு, "ஆயி, செருப்பு! ஆயி!" என்று கத்திக்கொண்டே அவளுக்குப் பின்னால் ஓடினாள். சாளுபாய் திரும்பிப் பார்க்கவில்லை.